வீட்டில் தமிழ் மட்டும்

கெண்டைக்காலில் நான்கு புள்ளிகள். மேலே இரண்டு, கீழே இரண்டு. மத்தியானச் சாப்பாடு முடிந்து பிள்ளைகளைப் பாயில் வரிசையாகப் படுக்கவைத்துவிட்டு, சுவரோரம் படுத்திருந்த இதிஸ்ரீயின் பாவாடை மேலேறிக் கிடக்கிறதே என்று இழுத்துவிடக் குனிந்தபோதுதான் ஈஸ்வரி டீச்சர் அதைப் பார்த்தாள். பொருக்கு உதிர்ந்து புதுத்தோல் இளஞ்சிவப்பாக மினுங்கியது. கொசுவாக இருக்கும். கொசு இவ்வளவு ஆழம் போகாதே. அப்படியானால் சிரங்கு. சிரங்கு வரிசை பார்த்து வருமா? ஆணியாகத்தான் இருக்கும், அந்த லைன் வீட்டுத் தகரக் கதவுகளில் எத்தனை ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதோ, ஒடிசாக்காரர்கள் குடியிருக்கிற இடத்தில் கதவையெல்லாம் யார் கவனிக்கப் போகிறார்கள். ஆணி என்று முடிவுசெய்து பாவாடையை இழுத்துவிட்டு இரண்டடி நடந்தாள். ஆணி ஒரு தடவை குத்தும். நான்கு தடவையா குத்தும்? திரும்பி வந்து உட்கார்ந்து மறுபடி பாவாடையை விலக்கினாள். புள்ளிகளைச் சுற்றி லேசாக மஞ்சள் கறை இருந்தது. அப்படியென்றால் அம்மாக்காரி பார்த்திருக்கிறாள், மஞ்சள் வைத்திருக்கிறாள், அம்மாவுக்குத் தெரிந்த விஷயம்தான், நாம் எதற்குப் பதறுகிறோம் என்று மனசைத் தேற்றப் பார்த்தாள். தேறவில்லை. குழந்தை தூங்கவில்லை. கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாலு வயதுப் பிள்ளை காலைத் தொட்டால் கூசி இழுக்கும், சிரிக்கும், சிணுங்கும். இது காலை அவள் கையிலேயே விட்டுவிட்டு, அந்தக் கால் வேறு யாருடையதோ என்கிற மாதிரி படுத்திருந்தது.

"இதி, இது என்ன கண்ணு? எங்க அடிபட்டுச்சு?" என்று கேட்டாள். பதில் இல்லை. பதில் வந்து எத்தனை நாளாயிற்று? சமையல்கட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த ஆயா பாப்பாத்தியக்கா அங்கிருந்தே, "அது இப்பப் பேசறதே இல்லீங்க டீச்சர். நல்ல புள்ளை ஆயிடுச்சு. வந்த புதுசுல என்ன கூப்பாடு போடும், நெனவிருக்குதுங்களா?" என்றாள். நினைவிருந்தது. ஜூன் மாதம் வந்து சேர்ந்தபோது இதிஸ்ரீ வாயை மூடியதே இல்லை. ஜன்னல் கம்பியிடம் பேசுவாள், கரண்டியிடம் பேசுவாள், சுண்டல் கேட்டு வாசலுக்கு வரும் அணிலை நிற்கவைத்துப் பேசுவாள், எல்லாம் ஒடியாவில், ஒரு எழுத்து யாருக்கும் புரியாது. மற்ற பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும். அந்தப் பேச்சை இந்தப் பேச்சாக மாற்றிவிடலாம், இவ்வளவு வாயுள்ள பிள்ளை தமிழ் பேச ஆரம்பித்தால் இந்தப் பால்வாடியிலேயே அதுதான் முதல் என்று ஈஸ்வரி ஆசைப்பட்டாள். கெட்ட ஆசை இல்லையே அது. மேலதிகாரி அம்மா வரும்போது இந்தப் பிள்ளைகள் பேந்தப் பேந்த விழிப்பதைப் பார்த்து, "இவங்களுக்கு நீங்க என்னதான் சொல்லித் தர்றீங்க?" என்று கேட்டது நெஞ்சில் தைத்துக் கிடந்தது, அதுவும் ஒரு காரணம். அதனால்தான் ஆடி மாதக் கடைசியில் பெற்றோர் கூட்டத்தில் அந்த லைன் வீட்டிலிருந்து வருகிற நான்கு குடும்பங்களையும் தனியாக உட்காரவைத்துச் சொன்னாள்: இனிமேல் வீட்டில் தமிழ் மட்டும். இங்கே நான் கட்டுகிறதை அங்கே நீங்கள் இடிக்கக் கூடாது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தால்தான் பிள்ளை மேலே வரும். பத்து வருஷமாகத் திருப்பூரில் இருக்கிற இதிஸ்ரீயின் அப்பா துஷ்மந்தாதான் அதை எல்லாருக்கும் ஒடியாவில் சொன்னான். அவன் மனைவி மினதி மட்டும் தயங்கித் தயங்கி என்னவோ கேட்டாள். "அவளுக்குத் தமிழ் வராதே டீச்சர், என்ன பேசறதுன்னு கேக்கறா" என்றான். கூட்டம் முடிகிற அவசரம். தயிர்சாத வாளி திறந்து கிடந்தது. "தெரிஞ்சதப் பேசுங்க, போதும்" என்று ஈஸ்வரி சிரித்துக்கொண்டே சொன்னாள். மினதி கைகூப்பினாள். டீச்சர் சொன்னால் செய்துவிடுகிற முகம் அது.

தெரிந்ததைப் பேசுங்கள், போதும். அந்தக் காலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அந்த வாக்கியம் ஏன் இப்படித் திரும்பத் திரும்ப வருகிறது என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. காலைப் பார்க்கவேண்டிய நேரத்தில் வாயை நினைத்துக்கொண்டு. எழுந்து குழந்தையைத் தூக்கிச் சுவரில் மாட்டியிருந்த படத்தாளுக்கு முன்னால் நிறுத்தினாள். சும்மாதான், ஒரு சந்தேகத்துக்குத்தான். மாட்டைத் தொட்டாள், குழந்தை பேசாமல் நின்றது. ஆட்டைத் தொட்டாள். பூனையைத் தொட்டு, காலிலிருந்த புள்ளியைத் தொட்டு, "இதா?" என்றாள். குழந்தை தலையைக்கூட ஆட்டவில்லை. அடுத்த படத்துக்கு விரல் போகத் தயங்கியது. எலி இருக்கிறதா என்று தேடினாள், எலி இருந்தால் நன்றாக இருக்கும், எலிதான் கடித்தது என்று இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும், ஆனால் அந்தப் படத்தாளில் எலி இல்லை. விரலை நாய்மேல் வைத்தாள். நாக்கைத் தொங்கவிட்டுச் சிரித்த முகத்தோடு நிற்கிற படத்து நாய். குழந்தை ஒரு எட்டுப் பின்னால் போய் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு, காற்றில் போகிற குரலில் ஒரு சொல் சொன்னது. "குக்குரோ."

குக்கர் என்று கேட்டது அன்றைக்கு. அன்றைக்கும் இதே குரல்தான், இதைவிடச் சத்தமாக, அழுதுகொண்டே. போன வாரம் திங்கட்கிழமை காலையில் வாசலில் நுழைந்ததும் நுழையாததுமாக ஓடிவந்து அவள் முட்டியைக் கட்டிக்கொண்டு குக்குரோ குக்குரோ என்று. ஈஸ்வரிக்கு எவ்வளவு சந்தோஷம். பாப்பாத்தியக்கா, இங்க பாருங்க, இதி தமிழ் பேசிட்டா, குக்கர்னு சொல்றா. குக்கர் தமிழா என்று அந்த அம்மா சிரித்தாள். நம்ம ஊர்ப் பேச்சுதானே என்று இவளும் சிரித்தாள். பிள்ளைகளையெல்லாம் கைதட்டச் சொன்னாள். இருபத்திரண்டு பிள்ளைகள் கைதட்டின. விளையாட்டுச் சாமான் டப்பாவிலிருந்து சின்னக் குக்கரை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். குழந்தை அழுகையை நிறுத்தி அந்தப் பிளாஸ்டிக் குக்கரைப் பார்த்தது. பிறகு நிமிர்ந்து டீச்சரின் முகத்தைப் பார்த்தது. எவ்வளவு நேரம் பார்த்தது என்று இப்போது யோசித்தால், ரொம்ப நேரம் பார்த்திருக்கிறது. அப்புறம் குக்கரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு பேசவில்லை. திங்கள். செவ்வாய் ஒன்று, புதன் இரண்டு, வியாழன் மூன்று. விரல்விட்டு எண்ணினாள். இன்றைக்குப் புதன். ஒன்பது. தப்பாக எண்ணியிருப்போம் என்று மறுபடி எண்ணினாள், நடுவில் சனியும் ஞாயிறும் விடுமுறை, அதைக் கழிக்கலாமா என்று மனசு அலைந்தது. விடுமுறை நமக்குத்தான். உடம்புக்குள் போனதற்கு விடுமுறை உண்டா? ஒன்பதுதான்.

குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்து குழந்தையிடம் நீட்டினாள். ஏன் என்று அவளுக்கே சொல்லிக்கொள்ளவில்லை. சின்ன வயதில் எதிர்வீட்டு ரங்கண்ணன், செம்பில் தண்ணீர் கொண்டுவந்தால் சுவரில் முட்டிக்கொண்டு அலறினது, பெரியவர்கள் கதவைச் சாத்தியும் அந்தச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது, எப்போதோ கடித்த நாயை யாரும் பொருட்படுத்தவில்லை என்று பிறகு பேசிக்கொண்டது, எல்லாம் டம்ளரின் விளிம்பு வரைக்கும் வந்து நின்றது. குழந்தை வாங்கி மடமடவென்று குடித்தது. ஈஸ்வரிக்கு உயிர் வந்தது. ஒரு நிமிஷம்தான். இன்னொரு டம்ளர் மொண்டு வந்தாள். அதையும் குடித்தது. மூன்றாவது டம்ளரையும், வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல், வயிறு உப்ப உப்பக் குடித்தது. பாப்பாத்தியக்கா ஈரக்கையோடு வந்து நின்று, "என்னங்க டீச்சர் பண்றீங்க?" என்றாள். "நாய் கடிச்சிருக்குக்கா. ஒம்பது நாள் ஆச்சு. நீங்க புள்ளைகளப் பாத்துக்குங்க, நான் இவங்க அம்மாகிட்டப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே காலணியை மாட்டினாள். துஷ்மந்தாவுக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. சாயப்பட்டறையில் இரைச்சல், எடுக்கமாட்டான். இரட்டை ஷிப்ட் பார்க்கிறவன், பிள்ளை விழித்திருக்கிற நேரத்தில் வீட்டில் இருப்பதே அபூர்வம்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். இரண்டு தெரு தள்ளித்தான் லைன் வீடு. வெயில் தார்ச்சாலையிலிருந்து எழும்பி முகத்தில் அடித்தது, ஓடையில் இன்றைக்கு ஊதா நிறச் சாயத்தண்ணீர் நுரைத்து ஓடியது. கோழிக்கடைக்கு முன்னால் நாய்கள் கிடக்கும். எப்போதும் கிடக்கிற நாய்கள்தான், தினம் இந்த வழியாக வந்து போகிறவள்தான், ஒரு நாளும் அவற்றை எண்ணிப் பார்த்ததில்லை. இப்போது எண்ணினாள். மூன்று. ஒன்று தூக்கத்தில் காலை உதறியது. குழந்தையின் விரல்கள் அவள் தோளில் பதிந்தன, ஆனால் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை, பயந்தால் பிள்ளை கத்தும் என்பதுகூட இதற்கு இல்லாமல் போய்விட்டது. நாயி என்று சொல்லுவார்கள் அவள் வீட்டில். அவளுடைய வீட்டுப் பேச்சும் தமிழ் இல்லை, கன்னடம், தேவாங்கர் தெருவில் எல்லார் வீட்டிலும் அதுதான். நாயி, நாய், ஒரு இகரம்தான் வித்தியாசம், நாய் கடித்திருந்தால் அவளுக்கு யாரிடமும் சொல்லக் கஷ்டம் இருந்திருக்காது. ஆனால் முதல் வகுப்பில் தண்ணீர் வேண்டும் என்பதை வீட்டுப் பேச்சில் நீரு பேக்கு என்று கேட்டுவிட்டு வகுப்பே சிரித்ததில் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு ராத்திரியே அப்பா சொல்லிவிட்டார், இனிமேல் இந்த வீட்டில் தமிழ்தான் என்று. அது நல்லதுக்குத்தானே நடந்தது. அவள் படித்தாள், பரிசு வாங்கினாள், டீச்சர் ஆனாள். அதனால்தானே இவர்களுக்கும் சொன்னாள், தன்னைத் தூக்கிவிட்ட கை என்று நம்பித்தானே. அம்மாவுக்குத் தமிழ் வராது. அம்மா அதிகம் பேசமாட்டாள், அமைதியான பெண்பிள்ளை என்று தெருவில் நல்ல பெயர். எப்போதிருந்து அமைதி? நடையில் கால் ஒரு கணம் நின்றுவிட்டது. அதற்கு முன்னால் அம்மா எப்படி இருந்தாள்? ஒரு சிரிப்புச் சத்தம், அடுப்படியிலிருந்து, தொடர்ச்சியாக ஏதோ கதை சொல்கிற குரல். அது அம்மாவுடையதா, பக்கத்து வீட்டில் வேறு யாருடையதாவதா? யோசிக்க நேரம் இல்லை. ஒன்பது நாள். நட, நட என்று தன்னையே விரட்டினாள்.

லைன் வீட்டில் மினதியின் அறை கடைசியிலிருந்து இரண்டாவது. வாசலில் பனியன் மூட்டை கிடந்தது. உள்ளே தரையில் உட்கார்ந்து மினதி கத்தரிக்கோலால் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனிக்குப் போவதை நிறுத்திவிட்டு இப்போது வீட்டுக்கே வேலை வாங்கிவந்து செய்கிறாள். டீச்சர் இந்த நேரத்தில், அதுவும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நிற்பதைப் பார்த்ததும் பதறி எழுந்து சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். கத்தரிக்கோல் கீழே விழுந்தது. அவள் ஈஸ்வரியிடம் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையைப் பார்த்து, பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்.

"வா. உட்காரு. பேசாதே. சத்தம் போடாதே."

குழந்தை இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கிப் போய்ச் சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. பால்வாடியில் உட்காருகிற மாதிரியே, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு. மினதி டீச்சரின் முகத்தைப் பார்த்தாள், சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற பார்வை. தெரிந்ததைப் பேசுகிறாள். இவளுக்குத் தெரிந்த தமிழ் எங்கே கிடைத்தது? பனியன் கம்பெனியில். செக்கிங் மேஜையில் நிற்கிற பெண்களைப் பார்த்து சூப்பர்வைசர் கத்துகிற தமிழ். சீக்கிரம், பேசாதே, தப்பு, திருப்பு, அங்கே என்ன பார்க்கிறே. அதைத்தான் இந்த இரண்டு மாதமாகத் தன் பிள்ளையிடம் பேசியிருக்கிறாள். தலை சீவும்போது, ஊட்டும்போது, தூங்கவைக்கும்போது. தூங்கவைக்கும்போது என்ன சொல்லியிருப்பாள்? அந்தப் பத்துக்குப் பத்து அறையில் சாயங்காலம் ஆறு மணிக்கு இந்த இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து என்ன செய்திருப்பார்கள்? அதை அவளால் நினைத்துப் பார்க்க முடிந்தது, அவ்வளவு தெளிவாக முடிந்ததுதான் பயமாக இருந்தது.

குனிந்து குழந்தையின் பாவாடையை விலக்கிப் புள்ளிகளைக் காட்டினாள். "மினதி, இது நாய். நாய் கடிச்சிருக்கு." மினதிக்குப் புரியவில்லை, தலையை ஆட்டினாள், புரியாதபோது மரியாதைக்கு ஆட்டுகிற ஆட்டல். நாய் என்கிற சொல் கம்பெனியில் வராது. "நாய்ம்மா, நாய்" என்று கையைக் காட்டி, பல்லைக் காட்டி, ஒன்றும் ஆகாமல், கடைசியில் ஈஸ்வரி அந்தச் சொல்லைச் சொன்னாள். அவர்களுடைய பாஷையில் அவள் சொன்ன முதல் சொல். "குக்குரோ."

மினதி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்து குழந்தையின் காலை இழுத்து மடியில் போட்டு, ஒவ்வொரு புள்ளியாக விரலால் தொட்டாள். தமிழ் துண்டுதுண்டாக வந்தது. "அன்னைக்கு… காலையில… அழுது வந்தா. ரத்தம். நான் கேட்டேன், என்ன? அவ ஒடியா சொல்ல வந்தா. போவு, போவுன்னு, எங்க பாஷையில அம்மான்னு, என்னைக் கூப்பிட்டா." தன் உள்ளங்கையைக் குழந்தையின் வாய்க்கு எதிரே நீட்டிக் காட்டினாள். "நான் இப்படி மூடினேன். ஒடியா இல்லை. தமிழ்ல சொல்லு, சொன்னேன். டீச்சர் திட்டும், சொன்னேன். அவ சொல்லலை. கதவு கிழிச்சிது நினைச்சு மஞ்சள் வச்சேன்." காலை விடாமல் நிமிர்ந்து பார்த்தாள். "டீச்சர், தப்பு நானா?"

இல்லை என்று சொன்னாள் ஈஸ்வரி. சத்தமாக வந்ததா என்று தெரியவில்லை. கிளம்புங்க, ஆஸ்பத்திரி, இப்பவே என்று சொன்னது மட்டும் சத்தமாக வந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டம் இல்லை. மருத்துவர் சின்ன வயதுப் பெண், காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆறியிருந்த இடத்தையே சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னாள். "பல்லு நல்லா எறங்கியிருக்கு. ஒம்பது நாளா? இப்ப ஊசி போட்டாலும் பலன் உண்டு, கால்ல கடிச்சது மூளைக்குப் போகக் கொஞ்ச நாள் ஆகும். ஆனா இனி ஒரு மணி நேரம்கூட வீணாக்கக் கூடாது. எப்படிப்பட்ட நாய்? இவ சீண்டினாளா, அதுவா வந்து கடிச்சுதா? அந்த நாய் இப்ப உயிரோட இருக்குதா? அது ரொம்ப முக்கியம், குழந்தையக் கேளுங்க." கேளுங்கள். எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள். ஈஸ்வரி மினதியைப் பார்த்தாள். மினதி குனிந்து, "எந்த நாய்? சொல்லு. சீக்கிரம்" என்றாள். அதுவும் தமிழில். "மினதி, உங்க பாஷையில கேளுங்க." அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை. ஏதோ பரீட்சை வைக்கிறார்கள், இதில் தோற்றால் பிள்ளையைப் பால்வாடியை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்கிற மாதிரி. "ஒடியாவா? டீச்சர் முன்னாலயா? தப்பு இல்லை?" தப்பில்லை, தப்பே இல்லை, பேசுங்கம்மா, கெஞ்சிக் கேட்கிறேன் என்றாள் ஈஸ்வரி. மினதி குழந்தையின் காதருகே குனிந்து ஒடியாவில் எதையோ சொன்னாள். குழந்தை அம்மாவைப் பார்க்கவில்லை. கண்ணை உருட்டி டீச்சரைப் பார்த்தது. மினதி திரும்பவும் கேட்டாள், முகத்தைத் தன் பக்கம் திருப்பிவைத்துக் கேட்டாள். முகம் திரும்பியது, கண் மட்டும் டீச்சர் மேலேயே நின்றது. மருத்துவர் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அப்போதுதான் ஈஸ்வரிக்கு உறைத்தது, தான் இங்கே நிற்கிறவரைக்கும் இந்தப் பிள்ளை வாயைத் திறக்காது. "நான் வெளிய இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்து கதவைச் சாத்தினாள்.

வராந்தாவில் தடுப்பூசி அட்டவணை ஒட்டியிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எழுத்து எழுத்தாக வாசித்தாள், ஒன்றும் உள்ளே போகவில்லை. பன்னிரண்டு வருஷ வேலையில் எத்தனை பிள்ளைகள். தெலுங்குப் பிள்ளைகள், மலையாளத்துப் பிள்ளைகள், சௌராஷ்டிர வீட்டுப் பெண் ஒருத்தி. எல்லாருக்கும் இதையேதானே சொன்னாள். எல்லாரும் நன்றாகத்தானே போனார்கள். போனார்களா? பேசாத பிள்ளைகளை நல்ல பிள்ளைகள் என்று எழுதிவைத்திருக்கிறாள், வருகைப் பதிவேட்டில் கூடக் குறித்திருக்கிறாள், அமைதியான குழந்தை, தொந்தரவு இல்லை. அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது, ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று எல்லாரும் அவளைத் திட்டினார்கள், இவளும் திட்டினாள். அம்மா சிரித்தாள். அந்த வலிக்குத் தமிழில் என்ன பெயர் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்குமா? குத்துகிறதா, சுருட்டிப் பிடிக்கிறதா, எரிகிறதா என்று மருத்துவர் கேட்டதற்கு எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டினாளே. கதவுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. முதலில் முனகல். பிறகு ஒரு சொல், நின்று, இன்னொரு சொல். அப்புறம் மளமளவென்று, மேலும் கீழும் ஏறி இறங்கி, மூச்சுக்கூட விடாமல் அந்தச் சின்னக் குரல் பேசிக்கொண்டே போயிற்று. ஜூன் மாதத்துக் குரல். நடுவில் மினதி அழுகிற சத்தமும் கேட்டது. அதையெல்லாம் கேட்டு ஈஸ்வரிக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. இவ்வளவு இருந்திருக்கிறது சொல்ல. இவ்வளவையும் ஒன்பது நாளாக வைத்துக்கொண்டு அது மின்விசிறியைப் பார்த்துப் படுத்திருந்தது.

கதவு திறந்தது. மினதி துண்டு துண்டாகத் தமிழில் சொன்னதை மருத்துவர் கோத்துச் சொன்னாள். செம்மண் நிறம், ஒரு காது கிழிந்த நாய். யாரும் சீண்டவில்லை. வாயில் நுரை வடிய நேராக ஓடிவந்தது, கடித்தது, நிற்காமல் கோழிக்கடைப் பக்கம் போய்விட்டது. "தானா வந்து கடிச்சிருக்கு, வெறியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே மருத்துவர் ஊசியை எடுத்தாள். முதல் ஊசியைப் போட்டாள். குழந்தை வீறிட்டு அழுதது. அழுததே பெரிய நிம்மதி. "காயத்தச் சுத்திப் போடற ஊசி பெரியாஸ்பத்திரியிலதான் போடணும். இவங்க இப்பவே ஆட்டோவுல போகட்டும், நான் போன் பண்ணிச் சொல்றேன். அடுத்த ஊசி சனிக்கிழமை, ஒண்ணும் தவறக் கூடாது." நானும் போகிறேன் என்றாள் ஈஸ்வரி. "வேண்டாம். அவங்க அப்பா இப்பத்தான் போன் எடுத்தாரு, நேரா அங்க வரச் சொல்லியாச்சு. நீங்க அந்த நாய் என்னாச்சுன்னு விசாரிங்க டீச்சர். வேற யாரையாவது கடிச்சிருக்குதான்னும் பாருங்க." ஆட்டோவில் ஏறும்போது மினதி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒடியாவில் பேசிக்கொண்டேதான் இருந்தாள். டீச்சரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கோழிக்கடைக்காரர் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். மணி ஐந்தாகியிருந்தது. காது கிழிந்த செவலை நாய் என்று சொன்னதும், "அதுங்களா? அது செத்து ஆறேழு நாள் ஆயிருக்குமுங்களே டீச்சர். ஒரு மாதிரி சுத்திச் சுத்தி வந்துச்சு, எச்சி ஒழுகிட்டு. அப்புறம் பொறத்தால குப்பை மேட்டுல செத்துக் கிடந்துச்சு, நாந்தான் குழி தோண்டிப் போட்டேன்" என்றார், தண்ணீரை ஊற்றிக்கொண்டே. அவள் கேட்க நினைத்ததைக் கேட்காமல் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கேட்டால் பதில் வரும். "சாகறதுக்கு முன்னால யாரையாச்சும் கடிச்சுதுங்களா?" "நம்ம புள்ளைக யாரையும் கடிக்கலீங்க. கடிச்சிருந்தா தெருவே கூடியிருக்காதா?" என்று சொல்லிவிட்டு, துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு யோசித்தார். "அந்த லைன் வீட்டு இந்திக்காரப் புள்ளைகதான் குப்பை மேட்டுப் பக்கம் எந்நேரமும் வெளையாடிட்டுக் கிடக்கும். ஒரு நா நாலஞ்சு கத்திக்கிட்டு ஓடியாந்துச்சு. என்னவோ சொல்லுச்சுக. அதுக என்ன சொல்லுதுன்னு யாருக்குங்க வெளங்குது? போ போன்னு வெரட்டிவிட்டேன்."

நாலஞ்சு. நாலா, அஞ்சா என்று கேட்கத் தோன்றாமல் நடந்தாள். எந்தக் கிழமை என்றாவது கேட்டிருக்கலாம். திரும்பிப் போய்க் கேட்கலாமா? கால் லைன் வீட்டைப் பார்த்தே போய்க்கொண்டிருந்தது. மினதியின் அறை பூட்டிக் கிடந்தது. அவள் போட்டுவிட்டுப் போன பனியன் மூட்டையை யாரோ சுவரோரம் நகர்த்தி வைத்திருந்தார்கள். நான்கு குடும்பங்களிடம் சொன்னாள். மூன்று மிச்சம். முதல் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். இந்த வீட்டுப் பிள்ளைக்கு மூன்று வயது, பால்வாடிக்கு வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசி அவள் கேட்டதில்லை, பயந்த சுபாவம் என்று எழுதியிருக்கிறாள். போன வாரம் காய்ச்சல் என்று இரண்டு நாள் வரவில்லை. காய்ச்சல் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, அவளாக நினைத்துக்கொண்டாள். தகரக் கதவுக்கு உள்ளே விளக்கு எரிந்தது. அம்மாவும் பிள்ளையும் ஒடியாவில் பேசுகிற சத்தம் கேட்டது. திருட்டுத்தனமாக, அடங்கிய குரலில், ஆனால் விடாமல். பிள்ளை எதையோ சொல்லிச் சொல்லி நிறுத்தியது, அம்மா கேட்டாள், பிள்ளை மறுபடி சொன்னது. ஒரு எழுத்தும் புரியாமல், கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றாள் ஈஸ்வரி. பிறகு கையைத் தூக்கி, "நான்தாம்மா, டீச்சர் வந்திருக்கேன்" என்று கதவைத் தட்டினாள். உள்ளே பேச்சு நின்றது.